ஆட்சேபணை இல்லாத பக்கம்

அண்ணி வீசிய புத்தகம் காரின் முன்கண்ணாடியில் மோதி, ஸ்டியரிங்கில் பட்டு, சொச்சத்தின் மடியில் குப்புற விழுந்தது.

"ஓட்டறவன் மேல எறியாதீங்க அண்ணி. நான் செத்தா 'நாவல் தாக்கி வாசகர் பலி'ன்னு பேப்பர்ல வரும். அதை வச்சே இன்னொரு பதிப்பு வித்துடுவாங்க."

"விக்கட்டும். ஜாமீன் மனுவை ஞாயித்துக்கிழமை சாயங்காலம் விசாரிக்கிறாங்களாம். நீதிபதியே எழுந்து வந்து சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்றாராம். அமைச்சர் கோர்ட்டுக்குள்ள உக்காந்து சிகரெட் பிடிக்கிறாராம். கொஞ்சமாவது விஷயம் தெரிஞ்சவன் இதைப் படிப்பானா?"

"நான் ரெண்டு தடவை படிச்சேன்."

"அதையேதான் நானும் சொல்றேன்."

சொச்சம் கியரை மாற்றினான். ஐந்து சகோதரர்களில் கடைசி என்பதால் வீட்டில் அவனுக்கு அந்தப் பெயர். போன இடத்திலெல்லாம் முதலாளியிடம் வாய் கொடுத்துவிட்டு வெளியே வந்தவனை, மூத்த அண்ணனின் மனைவி தன் துப்பறியும் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டாள். அண்ணி ஒரு காலத்தில் நாளிதழுக்கு நீதிமன்றச் செய்தி எழுதியவள். கோர்ட்டு பெஞ்சுகளை வருடக்கணக்கில் தேய்த்ததில் அவளுக்கு இடுப்பு வலியும், தப்பான தகவலைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும் கோபமும் மிஞ்சியிருந்தன. இந்த வாரம் இரண்டும் உச்சத்தில் இருந்தன.

'கேள்வி அனுமதிக்கப்படவில்லை' என்ற அந்த நாவலை ஊரே படித்துக்கொண்டிருந்தது. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து வேலை பார்க்கும் ஒரு பெண், அமைச்சர் ஒருவரின் நில வழக்கில் பதிவான சாட்சியத்தை மாற்றித் தட்டச்சு செய்ய மறுக்கிறாள். மறுத்த அன்றே பின்படிக்கட்டின் அடியில் செத்துக் கிடக்கிறாள். பழி புருஷன் தலையில் விழுகிறது. அட்டையில் எழுதியவர் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு கோடு.

இதை வெறும் கதை என்று யாரும் நம்பவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இந்த ஊர் நீதிமன்றத்தில் ஒரு சுருக்கெழுத்துப் பெண் இப்படித்தான் செத்தாள். அதே கட்டடத்தில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவளுடைய கணவன் இப்போது சிறையில். வீட்டுச் சண்டையில் அவன் மனைவியின் கண்ணாடியை உடைத்தான், கண் தெரியாமல் நின்றவளைப் படியிலிருந்து தள்ளினான் என்பது வழக்கு. ஏனென்றால் பிணத்தின் முகத்தில் கண்ணாடி இல்லை. வாதமெல்லாம் முடிந்து திங்கட்கிழமை தீர்ப்பு. இன்று சனிக்கிழமை.

செத்தவளின் தங்கைதான் அண்ணியைத் தேடி வந்தவள். மருந்துக்கடையில் வேலை. "மாமா பண்ணலை மேடம். இதை எழுதினவனுக்கு எங்க அக்கா விஷயம் ஏதோ தெரிஞ்சிருக்கு. அவனைக் கண்டுபிடிங்க" என்று நாவலை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். பதிப்பகத்தார் வாயைத் திறக்கவில்லை. இன்று சாயங்காலம் பொது நூலகத்தில் நாவலைப் பற்றி வாசகர் கூட்டம். எழுத்தாளர் கண்டிப்பாக அங்கே ஒரு மூலையில் பதுங்கியிருப்பார் என்பது சொச்சத்தின் கட்சி.

"தன்னை யார் புகழறான்னு ஒளிஞ்சிருந்து கேக்காத எழுத்தாளன் இன்னும் பிறக்கலை அண்ணி."

அண்ணி அவன் மடியில் விழுந்த புத்தகத்தை எடுத்து, மூலை மடங்கிய பக்கங்களை மறுபடி புரட்டிக்கொண்டிருந்தாள். முகம் இன்னும் சிடுசிடுவென்றுதான் இருந்தது. ஆனால் புரட்டும் வேகம் குறைந்திருந்தது.

நூலகத்தின் தரைத்தளத்தில் தங்கை காத்திருந்தாள். மூவரும் லிஃப்டில் ஏறினார்கள். கதவு மூடியது. முதல் மாடியைத் தாண்டியதும் அண்ணி சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் ஒரு உதறு உதறி நடுவில் நின்றது.

"அண்ணி, கூட்டம் மேல."

"தெரியும். ஏம்மா, உங்க மாமா எப்ப இதை எழுதினாரு? ஜாமீன்ல இருந்தப்பவா, மறுபடி உள்ள போன அப்புறமா?"

தங்கையின் முகம் வெளுத்தது. சொச்சம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன மேடம் சொல்றீங்க?"

"நடிக்காதே. புத்தகத்துல சட்டம் பூரா தப்பு. லிஃப்ட் பூரா சரி. வக்கீல் எப்படி உடுத்துவான்னு கூட எழுதினவனுக்குத் தெரியலை. ஆனா கூட்டம் ஏறினா லிஃப்ட் எப்படி முனகும், கதவு எந்தப் பக்கம் சிக்கும், மழை நாள்ல கயிறு என்ன பாடு படுத்தும், எல்லாம் அத்துப்படி. வில்லன் சதித் திட்டம் போடறது லிஃப்ட்ல. கதாநாயகன் அழறது லிஃப்ட்ல. எந்த வக்கீல்டா கோர்ட்டைப் பத்திக் கதை எழுதி, கோர்ட்டை விட்டுட்டு லிஃப்டை வர்ணிப்பான்?"

சொச்சத்தை இரண்டு இரவு தூங்கவிடாமல் அடித்த எழுத்து, கம்பிக்குப் பின்னால் இருக்கும் ஒரு மெக்கானிக்குடையது.

"எழுதினவனைக் கண்டுபிடின்னு என்னை அனுப்பினியே," அண்ணியின் குரல் அந்தச் சின்ன அறையில் இடித்தது. "எழுதினதைக் கொண்டுபோய் அச்சுக்குக் கொடுத்தவளே நீதான். ரெண்டு நாளா நான் பதிப்பகத்து வாசல்ல செருப்பு தேய அலைஞ்சேன். தீர்ப்புக்கு இன்னும் ஒரே ஒரு நாள்தான் நடுவுல இருக்கு. என் நேரம் போச்சுன்னா போகட்டும், அது உங்க மாமாவோட நேரம்மா!"

"சொன்னா வந்திருப்பீங்களா?" தங்கையும் சீறினாள். "பொண்டாட்டி செத்த கதையை வித்துக் காசு பாக்கறான்னு சொல்லியிருக்க மாட்டீங்க?"

"சொல்லியிருப்பேன்."

"அதான். கோர்ட்டுல அவர் வாயைத் திறந்தாலே 'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு'ன்னாங்க. அவருக்குச் சொல்றதுக்கு ஒரு இடம் வேணும்ல? வெளியில தெரிஞ்சா ஜட்ஜய்யா தப்பா நினைப்பாருன்னு மறைச்சேன். கோபம் இருந்தா என்னைத் திட்டுங்க. கேஸை விட்டுடாதீங்க."

அண்ணி அவளை முறைத்துக்கொண்டே நின்றாள். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில் கேட்டாள். "கண்ணாடிக் கடை சமாச்சாரம் ஏன் நாவல்ல இல்லை?"

"எழுதினப்ப எங்களுக்கே தெரியாதே மேடம். அந்தக் கடைக்காரரை இன்னிக்குக் காலையிலதானே நாம பாத்தோம்."

அது உண்மை. நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கிழவர், அந்தச் சாவு நடந்த வாரமே கடையைப் பூட்டிவிட்டு வெளியூரில் மகள் வீட்டுக்குப் போனவர். இப்போதுதான் திரும்பியிருந்தார். அன்று கோர்ட்டு கலைந்த பிறகு சுருக்கெழுத்துப் பெண் வந்து, கழன்ற கண்ணாடியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறாள். தட்டச்சு வேலை பாக்கி இருக்கிறது, கண் தெரியாமல் முடியாது என்று சொல்லியிருக்கிறாள். அவர் வேறு யாரோ வாங்க வராமல் போட்டுவிட்டுப் போன ஒரு கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, நாளைக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பவர் ஏறக்குறைய பொருந்தியது. ஆனால் அது பச்சை நிறக் கண்ணாடி. போட்டுக்கொண்டு சிரித்தபடி மறுபடி கோர்ட்டுக்குள் போனவளை அதற்குப் பிறகு அவர் பார்க்கவில்லை. அந்தக் கண்ணாடியைப் போலீசும் பார்க்கவில்லை.

"பொண்டாட்டி கண்ணாடியைப் புருஷன் உடைக்கலைன்னு இது காட்டும்," அண்ணி சொன்னாள். "ஆனா யார் தள்ளினாங்கன்னு காட்டாது. பச்சைக் கண்ணாடியைப் பத்தி கடைக்காரருக்கும் நம்ம மூணு பேருக்கும்தான் தெரியும். அஞ்சாவதா ஒருத்தருக்குத் தெரிஞ்சா, அவன் அன்னிக்குக் கோர்ட்டு கலைஞ்ச பிறகு அவளைப் பாத்தவன். எழுத்தாளரைத் தேடற வேலை முடிஞ்சுது. இனிமே வாசகரைத் தேடுவோம்."

"எந்த வாசகரை அண்ணி?"

"தன்னைப் பத்தி எழுதியிருக்குன்னு தெரிஞ்சா, எவன்டா படிக்காம இருப்பான்?" அண்ணி பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. வாசலில் ஒரு கூடை. கைபேசிகளை எல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றார் நூலகர். பதிவு செய்யக் கூடாது என்பது சிறப்பு விருந்தினரின் நிபந்தனை. சிறப்பு விருந்தினர் ஊரின் பெரிய வக்கீல். அடுத்த தேர்தலில் ஆளும் கட்சி வேட்பாளர். எதிர்த்தரப்பு தும்மினாலும் எழுந்து நிற்பார் என்பதால் கோர்ட்டில் அவருக்குப் பட்டப்பெயர் 'ஆட்சேபணை'.

"இவர் நம்ம கேஸ்ல சாட்சி சொன்னவர்தானே?" சொச்சம் கிசுகிசுத்தான்.

"ஆமா. அன்னிக்குக் காலையில புருஷன் பொண்டாட்டி சண்டையைத் தன் கண்ணால பாத்தாராம். மத்தியானமே கட்சிக் கூட்டத்துக்குக் கிளம்பிட்டாராம். அவ செத்ததே மறுநாள் பேப்பர் பாத்துதான் தெரியுமாம். அந்த நில வழக்குல அமைச்சருக்காக வாதாடினதும் இவர்தான்."

கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பேச வருகிறவர் முதலில் தான் என்ன வேலை பார்க்கிறார் என்று சொல்ல வேண்டும், பிறகு கருத்து. முதலில் எழுந்தவர் ஒரு வங்கிக் காசாளர்.

"என் ரத்தம் கொதிச்சுது சார். அநியாயத்தைக் கண்டா சும்மா இருக்கக் கூடாது, எழுந்து நிக்கணும்னு இந்தப் புத்தகம் செவிட்டுல அறைஞ்ச மாதிரி சொல்லுது. என் பொண்ணு, மாப்பிள்ளை, சம்பந்தி எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரதி வாங்கிக் கொடுத்தேன்."

கைதட்டல். இரண்டாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் எழுந்தார்.

"நான் கணக்கு டீச்சர். ரத்தம் கொதிச்சா டாக்டரைப் பாருங்க. எனக்குத் தலைதான் வலிச்சுது. அமைச்சர் ஒரே சாயங்காலத்துல மூணு ஊர்ல பேசறாரு. கூட்டிக் கழிச்சுப் பாத்தா அவர் பறந்துதான் போயிருக்கணும். அப்புறம், இந்தக் கதையில பொம்பளைங்க எதுக்கெடுத்தாலும் ஏன் சுவத்துல சாஞ்சு நின்னு அழறாங்க? எங்க வீட்டுல சுவத்துல சாஞ்சு நிக்கறதுக்கெல்லாம் யாருக்கும் நேரமில்லை."

"சுத்தக் குப்பைன்னு சொல்றீங்களா?" காசாளர் திரும்பினார்.

"சுத்தம்னு நான் சொல்லலை."

சிரிப்பு. கட்சிக் கரை வேட்டி கட்டிய ஒருவர் எழுந்து, அரசியல்வாதி என்றால் எல்லாரும் திருடனா என்று சத்தம் போட்டார். யாரோ, எல்லாரும் இல்லை, மாட்டினவன் மட்டும்தான் என்றார்கள். ஒரு கல்லூரி மாணவி, கடைசி நூறு பக்கத்தை நின்றுகொண்டே படித்ததாகச் சொன்னாள்.

மேடையிலிருந்த வக்கீலுக்கு இது பொற்காலமாக இருந்தது. யார் எதைச் சொன்னாலும் விரலை உயர்த்தினார். "ஆட்சேபணை! அது பதினேழாவது அத்தியாயம் இல்லை, பதினெட்டு." "ஆட்சேபணை! அமைச்சர் குடிச்சது டீ இல்லை, காபி." ஒவ்வொரு முறையும் கூட்டம் சிரித்தது. மனுஷன் நாவலைக் கரைத்துக் குடித்திருந்தார். சொச்சத்துக்கே எரிச்சல் வந்தது. தனக்குப் பிடித்ததை இன்னொருத்தன் தன்னைவிட நன்றாகப் படித்திருந்தால் வரும் எரிச்சல்.

அடுத்து ஒரு தையல்காரர் எழுந்தார். "அந்தச் சாவு வர்ற இடம்... நான் மெஷினை நிறுத்திட்டு அழுதேங்க. கண்ணாடி இல்லாம, பாவம், முன்வாசல் படியில தடவித் தடவி இறங்குவாளே..."

"பின்படி! பின்படி!" கூடத்தில் பத்துப் பேர் கத்தினார்கள். தையல்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணியின் முழங்கை சொச்சத்தின் விலாவில் இறங்கியது. "பாத்தியா?"

"எதை?"

"டீயைக் காபின்னு திருத்தின மனுஷன், முன்படியைப் பின்படின்னு திருத்தலை. ஊரே திருத்துது. அவர் தண்ணி குடிச்சுக்கிட்டிருக்காரு."

சொச்சம் பார்த்தான். வக்கீல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுத்தவரைப் பேசச் சொல்லிக் கையசைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிட வேண்டும் என்பது போல.

அண்ணி எழுந்துவிட்டாள்.

"நான் பழைய கோர்ட்டு நிருபர். சார் சொல்றதை அப்படியே ஒத்துக்கறேன். திருத்தறதுக்கு உங்களை மாதிரி நாலு பேர் இல்லாததாலதான் கண்டவனும் கண்டதை எழுதறான். நாவலை விடுங்க. நிஜமான கட்டடத்தைப் பத்தி எனக்கு ஞாபகம் இருக்கறதைச் சொல்றேன். தப்பா இருந்தா நீங்க திருத்தணும்."

"தாராளமா," என்றார் வக்கீல். அவர் கண்ணில் பழைய குஷி திரும்பியது.

"அந்த நில வழக்கு நடந்த அறை மூணாவது மாடி."

"ரெண்டாவது."

"ஜட்ஜ் நாற்காலிக்குப் பின்னாடி ரெண்டு கதவு."

"ஒண்ணுதான்."

கூட்டம் சிரித்தது. அண்ணி வேகத்தைக் கூட்டினாள்.

"சுருக்கெழுத்து மேஜை ஜட்ஜுக்கு இடது பக்கம்."

"வலது."

"பதிவறைச் சாவி வாட்ச்மேன்கிட்ட."

"தலைமை எழுத்தர்கிட்ட."

"செத்துப்போன பொண்ணு நல்ல உசரம்."

"குட்டை."

"அன்னிக்கு சாயங்காலம் கறுப்புக் கண்ணாடி வேற போட்டிருந்தா."

"பச்சை."

சொன்ன வேகத்தில் வக்கீல் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. சொச்சம் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய கை பக்கத்து நாற்காலியில் இருந்த தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டது.

அண்ணி அடுத்த கேள்வி கேட்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள்.

"பச்சைன்னு சார் சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றார் காசாளர் உற்சாகமாக.

"நாவல்ல அவ கண்ணாடியே போடலையே சார்."

வக்கீலின் புன்னகை அப்படியே நின்றது. "கேஸ் கட்டுல... வந்திருக்கும்."

"வரலை. முகத்துல கண்ணாடி இல்லைங்கறதுதான் கேஸே. சாயங்காலம் கோர்ட்டு கலைஞ்ச பிறகு ரோட்டைத் தாண்டிப்போய் இரவல் வாங்கினது அந்தப் பச்சைக் கண்ணாடி. மத்தியானமே கிளம்பிப் போய்ட்டேன்னு நீங்க சத்தியம் பண்ணிச் சொன்னீங்க. மத்தியானம் போனவருக்குச் சாயங்காலம் போட்ட கண்ணாடி எப்படித் தெரிஞ்சுது?"

காசாளர் நாற்காலியில் தாழ்ந்து உட்கார்ந்தார்.

"மேல நடையில கைகலப்பு நடந்திருக்கு," அண்ணி தொடர்ந்தாள். "கண்ணாடி மேலயே கழண்டு விழுந்திருக்கு. அது அங்க கிடந்தா, அவளே தவறி விழுந்துட்டான்னு சொல்ல முடியாது. அதனால அதை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு ஒருத்தன் இறங்கிப் போயிருக்கான். அப்புறம் கூண்டுல ஏறி, அவ புருஷனையே காட்டிக் கொடுத்திருக்கான்."

வக்கீல் எழுந்தார். மேல்துண்டைச் சரிசெய்தார். இத்தனை நேரம் இருந்த குஷி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆனால் பதற்றமும் இல்லை. கோர்ட்டில் தோற்கப்போகும் வழக்கில் வாய்தா கேட்கும் முகம்.

"நாலு பேர் சிரிச்சுக்கிட்டிருந்த இடத்துல நான் ஏதோ ஒரு நிறம் சொன்னேன். சொன்னேனா? எனக்கு ஞாபகமில்லை. இங்க யாருக்காவது ஞாபகம் இருக்கா?" அவர் கண் வரிசை வரிசையாக நகர்ந்தது. "ஒவ்வொருத்தரும் என்ன வேலைன்னு சொல்லிட்டுத்தானே பேசினீங்க. மாணவி. தையல் கடை. வங்கி. கணக்கு டீச்சர். எனக்கு எதுவும் சீக்கிரம் மறக்காது. அது ஒண்ணுதான் எனக்கு ஆண்டவன் கொடுத்தது."

அவர் படியிறங்கிப் போனார். கட்சிக்காரர் பின்னாலேயே ஓடினார்.

பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம். முதலில் ஒன்று, அப்புறம் மொத்தமாக. கைபேசிக் கூடையைச் சுற்றி நெரிசல். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சொச்சம் பாய்ந்து போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"நில்லுங்க! எங்க மூணு பேர் சொன்னா செல்லாது. வேண்டப்பட்டவங்கன்னு தள்ளிடுவாங்க. திங்கக்கிழமை காலையில தீர்ப்பைப் படிக்கறதுக்கு முன்னாடி, அந்த வக்கீலை மறுபடி கூண்டுல ஏத்தச் சொல்லி மனு போடணும். வெளியாள் ஒருத்தர், ஒரே ஒருத்தர், கேட்டதைக் கேட்டேன்னு எழுதிக் கொடுத்தாப் போதும்."

"நான் கொஞ்சம் காது மந்தம் தம்பி," என்றார் நூலகர், நன்றாகக் கேட்டுக்கொண்டே.

தையல்காரர் தலையைக் குனிந்தபடி அவன் கைக்கு அடியில் நுழைந்து போனார். மாணவியை அவள் அப்பா வந்து இழுத்துப் போனார். சொச்சம் காசாளரின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"கேட்டுச்சு, கேட்டுச்சுன்னு கத்தினீங்களே சார். ரத்தம் கொதிச்சுதுன்னீங்களே. எழுந்து நிக்கணும்னீங்களே!"

"அது கதை தம்பி." காசாளர் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். "எனக்கு இன்னும் சின்னப் பொண்ணு ஒண்ணு கல்யாணத்துக்கு இருக்கு. விடுங்க."

சொச்சத்துக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. இந்த ஆட்களோடு சேர்ந்துதானே அவனும் இரண்டு ராத்திரி அந்தப் புத்தகத்துக்காக உருகினான்? பக்கத்துக்குப் பக்கம் நியாயம் கேட்டவர்கள், ஒரு வார்த்தை சொல்லச் சொன்னதும் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடுகிறார்கள். காலி நாற்காலி ஒன்றை எட்டி உதைத்தான். அது உருண்டு போய் இரண்டாவது வரிசையில் முட்டி நின்றது.

அங்கே கணக்கு டீச்சர் மட்டும் உட்கார்ந்திருந்தார். நிதானமாக நாவலைக் கைப்பையில் வைத்து மூடினார்.

"எனக்கும் கேட்டுச்சு," என்றார் தரையைப் பார்த்தபடி. "கேக்கலைன்னு பொய் சொல்ல எனக்கு வராது. ஆனா எங்க ஸ்கூல் நிர்வாகத்துல அந்தாளு இருக்காரு. ரிடையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம். வீட்டுல படுத்த படுக்கையா மாமியார். என்னை வற்புறுத்தாதீங்க."

"நாங்க வற்புறுத்தலை," என்றாள் அண்ணி. அவள் குரலில் கோபம் வற்றிப் போயிருந்தது. அதுதான் சொச்சத்தைப் பயமுறுத்தியது.

டீச்சர் எழுந்தார். வாசல் வரை போனார். தங்கை அங்கே சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். டீச்சருக்கு ஏனோ அவளைத் தாண்டிப் போக முடியவில்லை. ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகப் பேசினார்.

"இதை எழுதினவன் யாருன்னு தெரிஞ்சா நாலு வார்த்தை கேக்கணும்மா. எத்தனை தப்பு இருந்தாலும் பொறுத்துக்கலாம். கடைசியில ஒண்ணும் பண்ணாத அந்தப் புருஷனுக்கு ஆயுள் தண்டனைன்னு போட்டு முடிச்சுட்டானே, அதைத்தான் என்னால தாங்க முடியலை. அவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்ச எனக்கு இதுவா முடிவு? வேற முடிவு எழுதக் கை வராதா அவனுக்கு?"

"வரலை டீச்சர்," என்றாள் தங்கை. "உள்ள உக்காந்து எழுதினாரு. எத்தனையோ தடவை அடிச்சு அடிச்சு எழுதிப் பாத்தாரு. யாராவது ஒருத்தர் எழுந்து நின்னு சாட்சி சொல்ற மாதிரி எழுதினா, நம்பற மாதிரி இல்லைன்னு அவரே கிழிச்சுப் போட்டுட்டாரு. அவர்தான் எங்க மாமா."

டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே வக்கீலின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பினார். பிறகு திரும்பி வந்து, சொச்சம் உதைத்துத் தள்ளிய நாற்காலியை நிமிர்த்திப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

"பேனா கொடுங்க," என்றார் அண்ணியிடம், கோபமாக. "என்ன கேட்டேனோ அதை மட்டும்தான் எழுதுவேன். ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், ஒரு வார்த்தை குறைக்கவும் மாட்டேன்."